இரவில் இடித்தவன்

வியாழன் இரவு, பட்டர்வொர்த்.
ஏழாம் மாடி. லிஃப்ட் இன்றும் ஓடவில்லை.
எப்சிபா வீட்டுக் கூடத்தில்
ஒன்பது பேர், ஆறு நாற்காலி,
மைலோ டின்னுக்குள் சுருட்டிப் போட்ட சீட்டுகள்.
தலைப்பு, விசுவாச வீரர்கள்.
ஆளுக்கொரு பெயர். ஒரு வாரம்
அவரோடு குடியிருந்துவிட்டு வந்து சொல்லவேண்டும்.

துரைசிங்கத்துக்கு தானியேல் விழுந்தது.
சிங்கத்துக்கே சிங்கம் என்று சிரித்தார்கள்.
லாரி ஓட்டும் அல்போன்சுக்கு ராகாப்.
காது சிவக்க, சீட்டை மாற்றக் கேட்டான்;
எப்சிபா டின்னை மூடிவிட்டாள்.

எனக்குக் கிதியோன்.
முந்நூறு பேர், எக்காளம்,
உடைந்த பானை, உள்ளே தீவட்டி.
ஞாயிறு பள்ளியில் நான் வண்ணம் தீட்டிய படம்.
தீயைப் பச்சையாகத் தீட்டியிருந்தேன்.

பிறைத் தொழிற்பேட்டையில்
கையுறை செய்யும் ஆலையில்
நேரக் கணக்கு எழுதுகிறவன் நான்.
பதினான்கு மணி நேரத்தைப் பத்தாக்கும் பேனா
என் சட்டைப்பையில்தான் இருக்கிறது.
மேலாளர், என் மனைவியின் அண்ணன்.
ஞாயிறு ஆராதனையில் எங்களுக்கு முன்வரிசை.
போன மாதம் தில் பகதூர்
சம்பளச் சீட்டை நீட்டி,
"பெத்துல், அபாங்?" என்றான்.
"பெத்துல்" என்றேன்.
சரி என்று தமிழில் சொல்லியிருந்தால்
நாக்கு கொஞ்சமாவது தடுக்கியிருக்கும்.

வெள்ளியன்று ஆறாம் அதிகாரத்தைத் திறந்தேன்.
அவன் களத்தில் போரடிக்கவில்லை.
எதிரிக்குப் பயந்து
திராட்சை ஆலைப் பள்ளத்தில் பதுங்கியிருக்கிறான்.
காற்றுப் புகாத குழியில் எப்படித் தூற்றுவது?
பதர் அத்தனையும் தலைமேல்தான் விழுந்திருக்கும்.
அந்தத் தலையைப் பார்த்துத்தான் தூதன்
பராக்கிரமசாலி என்கிறான்.
நானென்றால் திரும்பிப் பார்த்திருப்பேன்,
பின்னால் யாரோ நிற்கிறார்கள் என்று.

அடையாளம் வேறு கேட்கிறான்,
தோல் நனையட்டும், தரை காயட்டும் என்று.
நானும் கேட்டேன்.
சனிக்கிழமை ஜெலுத்தோங் போகையில்
பாலத்தில் நெரிசல் இல்லாவிட்டால் எழுதுகிறேன் ஆண்டவரே.
பாலம் வெறிச்சோடிக் கிடந்தது.
பள்ளி விடுமுறை, அதனால்தான் என்று
எனக்கு நானே விளக்கம் சொன்னேன்.
ஒரு கிண்ணம் நிறையப் பிழிந்த பிறகும்
மறுநாள் மாற்றிக் கேட்ட அவனை
அப்போதுதான் எனக்குப் பிடித்துப்போனது.

திங்களன்று அந்த வசனத்தில் இடறினேன்.
இடிக்கவேண்டிய பலிபீடம்
ஊரான் வீட்டில் இல்லை, அவன் அப்பன் வீட்டில்.
வீட்டாருக்கும் ஊராருக்கும் பயந்து
பகலில் செய்யாமல்
இரவில் செய்தான்.

பயந்தான் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.
யாரும் அடித்துத் திருத்தவில்லை.
இரவில் செய்தான்.
செய்தான்.

மணி இரண்டு இருபது.
பீரோவில் துணிக்கடியில் ஒரு நோட்டு;
ஏழு மாதத்து உண்மையான மணிக்கணக்கு,
ஏன் எழுதி வைத்தேன் என்று
எனக்கே தெரியாத நோட்டு.
தொழிலாளர் அலுவலகத்துக்கு, மதிப்பிற்குரிய ஐயா,
அதற்கு மேல் பேனா நகரவில்லை.
கதவருகே கிரேசலின் நின்றிருந்தாள்.
மேசையில் கிடந்ததை முழுக்க வாசித்தாள்.
"அண்ணன் பெயரும் வருமா?"
"வரும்."
மின்விசிறி எத்தனை சுற்று சுற்றியதோ.
வீட்டுக்கடன் இன்னும் பதினொரு வருடம்,
அதை அவள் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.
"உன் கையெழுத்து உனக்கே புரியாது.
நான் வாசிக்கிறேன், நீ எழுது.
மார்ச்சு. தில் பகதூர். முந்நூற்று நாற்பது.
ரஃபிகுல், இது இரண்டா, ஏழா?"

மறுபடி வியாழன், மறுபடி ஏழு மாடி.
ராகாபைப் பற்றி அல்போன்ஸ்
இருபது நிமிடம் பேசினான்,
சன்னலில் கட்டிய அந்தச் சிவப்பு நூலைச் சொல்லும்போது
குரல் கொஞ்சம் உடைந்தது.
என் முறை வந்தது.
வேதத்தைத் திறந்தேன்.
ஆறாம் அதிகாரத்தில்
பதிவுத்தபால் ரசீது இருந்தது.

"போரைச் சொல்லுங்கள்" என்றாள் எப்சிபா,
"அந்த முந்நூறு பேர்?"

அது அடுத்த அதிகாரம், எப்சிபா.
அங்கே நான் இன்னும் போகவில்லை.